பன்னிரண்டாவது நாற்காலி

அத்தியாயம் 11

போன வாரம் அவளை அறிவிப்புப் பலகை முன்னால் நிறுத்திவிட்டு நாம் பாட்டுக்கு வந்துவிட்டோம். பாவம், கால் கடுக்க நின்றிருப்பாள். முதலில் அவளை வீட்டுக்கு அனுப்பி வைப்போம்.

இடையில் வந்து சேர்ந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. அவள் ஆயத்த ஆடை ஆலையில் தையல் மிஷின் பழுது பார்ப்பவள். வயது நாற்பத்தாறு. மகனைக் கல்லூரியின் மாலை வகுப்பில் ஜப்பானிய மொழி படிக்கச் சேர்க்கப் போனவள், விண்ணப்பத்தில் வயது வரம்பு என்று ஒரு கட்டமே இல்லாததைப் பார்த்தாள். இன்னொரு விண்ணப்பம் வாங்கித் தானும் சேர்ந்துவிட்டாள். ஆலையின் மிஷின்கள் அந்த நாட்டிலிருந்து வந்தவை. கூடவே வரும் தடித்தடிக் கையேடுகளைப் படம் பார்த்தே இருபது வருஷம் ஓட்டியவள் அவள். தொடக்க நிலை ஒரு வருஷம், இடைநிலை இரண்டு வருஷம் என்று அம்மாவும் பிள்ளையும் ஒரே வகுப்பில் படித்து முடித்தார்கள். வகுப்பில் அவளுக்கு மெக்கானிக்கம்மா என்று பெயர் விழுந்து, அதுவே நிலைத்துவிட்டது.

இனி உயர்நிலை. ஒருவர் பேசப் பேச உடனுக்குடன் மொழிபெயர்க்கும் பயிற்சி. இடம் பன்னிரண்டுதான், ஏனென்றால் காதில் மாட்டிக்கொண்டு கேட்கும் ஒலிக்கூடத்தில் பன்னிரண்டு நாற்காலிதான் இருக்கிறது. பட்டியலில் பன்னிரண்டாவது பெயர் அவளுடையது. பதின்மூன்றாவதாக, காத்திருப்போர் வரிசையில் முதலாவதாக நிற்பது அவள் பெற்ற பிள்ளை.

ஒரே ஒரு மதிப்பெண் வித்தியாசம்.

வெள்ளிக்கிழமை காலை சாப்பாட்டு மேஜையில், தண்ணீர் ஜாடிக்கு அடியில் ஒரு காகிதம் கிடந்தது. முந்தின நாள் மாலையே வந்து உட்கார்ந்துவிட்ட காகிதம். தலைப்பில் 'விலகல் படிவம்' என்று இருந்தது. பெயர் எழுத ஒரு கோடு, வகுப்பு எண்ணுக்கு ஒரு கோடு, கீழே முத்திரைக்கு ஒரு வட்டம்.

யார் வைத்தது என்று யாரும் கேட்கவில்லை. அந்த வீட்டிலிருந்து கல்லூரியின் ஜப்பானிய மொழித் துறைக்குப் போய்வருகிறவர்கள் இரண்டே பேர். அவள் வைக்கவில்லை. தம்பி என்று வீட்டில் கூப்பிடப்படும் அவள் மகன் வாயால் கேட்கவில்லை, காகிதத்தால் கேட்டுவிட்டான். கேட்டவன் தலையைத் தட்டுக்குள் விட்டபடி சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

அவள் கணவர்தான் ஆரம்பித்தார்.

"என்ன முடிவு பண்ணியிருக்க?"

"எதைப் பத்திங்க?"

"தெரியாத மாதிரி கேக்காத. இன்னிக்கு நாலு மணியோட பட்டியலை மூடிடுவாங்களாம்ல?"

"மூடட்டும். என் பேரு உள்ளதான இருக்கு."

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். சரக்கு அலுவலகத்தில் தலைமைக் குமாஸ்தா. நாளெல்லாம் காகிதத்தில் முத்திரை குத்துகிற வேலை. அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்திருந்தது. மின்சார அலுவலகத்துக்குப் போகும் மனுவிலிருந்து அவளுடைய விடுப்புக் கடிதம் வரைக்கும் அவரே எழுதி, அவரே அவள் பெயரில் கையெழுத்தும் போட்டுவிடுவார். கேட்டால், "யார் போட்டா என்ன, வீட்டு விஷயம்தானே" என்பார்.

அந்த நேரம் பார்த்து, கீழ் வீட்டில் குடியிருக்கும் நாத்தனார் காப்பிக் கோப்பையோடு படியேறி வந்தாள். கணவரின் தங்கை. பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பு மேஜையில் உட்காருகிறவள். வலியோடு வருகிற ஆளைச் சிரித்தபடியே காத்திருக்க வைப்பது அவள் தொழில்.

"அண்ணி, நான் குறுக்க பேசறேன்னு நினைக்காதீங்க," என்று குறுக்கே பேசினாள். "உங்களுக்கு உத்தியோகம் இருக்கு. இவனுக்கு இனிமேதான் எல்லாம். பெத்தவதான விட்டுக்கொடுக்கணும்? பிள்ளையா விட்டுக்கொடுக்கும்?"

"யாரும் விட்டுக்கொடுக்க வேண்டாம். படிச்சவங்க உக்காரட்டும்."

"அய்யோ, ஊர்ல கேட்டா சிரிப்பாங்க அண்ணி. பெத்த பிள்ளைகூடப் போட்டி போட்டு ஜெயிச்சான்னு."

"ஜெயிச்சேன்னு சொல்லுவாங்கல்ல? சொல்லட்டும்."

நாத்தனாரின் சிரிப்பு பாதியில் நின்றது. கணவர் குரலைத் தழைத்துக்கொண்டார். அவர் குரல் தழைந்தால் அடுத்து ஒரு பெரிய வார்த்தை வரும்.

"ஒரு தாய் பேசற பேச்சா இது?"

வந்துவிட்டது. வாசகர்களே, இந்த ஒரு கேள்வியை வைத்து எத்தனை பெண்களின் வாயை அடைத்திருக்கிறார்கள் என்று கணக்கெடுத்தால் கணக்கெடுப்பவர் களைத்துப்போவார். இவளுக்கும் அடைத்திருக்கிறார்கள். புது வேலை கிடைத்தபோது ஒருமுறை, தலைமை மெக்கானிக் பதவி வந்தபோது ஒருமுறை. இரண்டு முறையும் விட்டுக்கொடுத்தாள். விட்டுக்கொடுத்ததை அடுத்த மாதமே வீட்டில் எல்லாரும் மறந்துபோனார்கள்.

"தாய்தான் பேசறேன்," என்றாள். "எனக்கு இந்த இடம் வேணும். வேணும்னுதான் படிச்சேன். ராத்திரியெல்லாம் இந்த மேஜையில உக்காந்து எழுதினது, இன்னொருத்தருக்கு எடுத்துக் குடுக்க இல்ல. தம்பிக்கு அடுத்த வருஷமும் பரீட்சை இருக்கு, எழுதட்டும். நான் விலக மாட்டேன்."

தம்பி அப்போதுதான் வாயைத் திறந்தான். "நான் ஒண்ணும் கேக்கலயே," என்றான்.

"அப்ப ஜாடிக்குக் கீழ இருக்கற பேப்பர் நடந்து வந்துச்சாடா?"

அவன் எழுந்து கை கழுவப் போனான்.

"சரி," என்றார் கணவர். அவ்வளவுதான். சரி.

இருபத்திரண்டு வருஷக் குடித்தனத்தில் அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அந்த மனிதர் சண்டை போடாமல் சரி என்றால் எங்கேயோ எதுவோ சரியில்லை என்று பொருள். ஆனால் ஆலைச் சங்கு எட்டு மணிக்கு ஊதிவிடும். அவள் கைப்பையை எடுத்துப் பார்த்தாள். குட்டித் திருப்புளி, டார்ச், கண்ணாடி, சுண்டுவிரல் நீள மரமுத்திரை, நான்கும் இருந்தன. கிளம்பிவிட்டாள்.

அந்த முத்திரையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அந்தத் துறையில் கையெழுத்துக்கு மதிப்பில்லை. முதல் நாளே ஒவ்வொருவருக்கும் அவரவர் பெயரை ஜப்பானிய எழுத்தில் செதுக்கிய முத்திரை ஒன்று கொடுத்துவிடுவார்கள். வருகைப் பதிவேடு, விடைத்தாள், விண்ணப்பம் எல்லாவற்றிலும் சிவப்பு மையில் அதைக் குத்தினால்தான் செல்லும். ஒரே மரம், ஒரே அளவு. அடியில் உள்ள எழுத்தைப் படிக்கத் தெரியாதவனுக்கு எல்லாம் ஒன்று போலத்தான் இருக்கும்.

அவள் முத்திரை கைப்பையை விட்டு வெளியே வந்ததில்லை. தம்பியின் முத்திரை ஒரு நாடோடி. சட்டைப் பையோடு இரண்டு முறை துவைக்கப்பட்டு, பேருந்தில் ஒரு முறை தொலைந்து திரும்பி வந்தது. பிறகு அவள்தான் அதைத் தன் தையல் பெட்டியில் போட்டு வைத்து, வகுப்புள்ள நாளில் அவன் கையில் எடுத்துக் கொடுத்துவந்தாள். மூன்று வருஷமாக இப்படித்தான். காலை ஏழரைக்கே பேருந்து ஏறிவிடும் கணவருக்கு இதெல்லாம் எங்கே தெரியும்? அன்றைக்கு மட்டும், அவள் கிளம்பிய பிறகு, அவர் ஏழரைப் பேருந்தை விட்டுவிட்டு வீட்டிலேயே இருந்துவிட்டார் என்பதும் அவளுக்குத் தெரியாது.

மதியம் இரண்டு மணிக்கு, பொத்தான் துளை போடும் மிஷினைக் கழற்றிப் போட்டுக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தபோது கைபேசி அடித்தது. துறை அலுவலகத்திலிருந்து பேசினார்கள்.

"மெக்கானிக்கம்மா, உங்க விலகல் படிவம் ஆபீஸ் வாசல் பெட்டியில வந்திருக்கு. அதுல ஒரு குழப்பம். நாலு மணிக்குள்ள சென்செய் உங்களை வரச் சொன்னாங்க."

"நான் குடுக்கலயே."

"உங்க பேர்லதாம்மா இருக்கு."

கையிலிருந்த எண்ணெயைத் துடைத்தாளா இல்லையா என்பது அவளுக்கே நினைவில்லை. மேற்பார்வையாளரிடம், "கேட்டுட்டுப் போகல, சொல்லிட்டுப் போறேன்," என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள். பேருந்தில் உட்கார இடம் இருந்தும் உட்காரவில்லை. உள்ளுக்குள் எரிந்துகொண்டிருந்தது.

சென்செய் என்றால் ஆசிரியர். துறைத் தலைவியான அந்த ஜப்பானிய அம்மையாரை எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். இந்த ஊருக்கு வந்து ஆறு வருஷமாகியும் நம் மொழியில் அவருக்குத் தெரிந்தது இரண்டே வார்த்தைகள், 'வணக்கம்', 'போதும்'. அறையில் தம்பியும் நின்றுகொண்டிருந்தான். அவனையும் வரச் சொல்லியிருக்கிறார்கள். முகம் வெளுத்திருந்தது.

மேஜை மேல் படிவம். பெயர்க் கோட்டில் அவள் பெயர், குண்டு குண்டான அழகிய கையெழுத்தில். சரக்கு அலுவலகமே மெச்சுகிற கையெழுத்து அது. கீழே வட்டத்துக்குள் ஓரம் பிசகாமல் சிவப்பாக ஒரு முத்திரை.

அவள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தாள். முத்திரை அவளுடையது இல்லை. தம்பியுடையது.

பிள்ளையார் பிடிக்கப்போய்க் குரங்காக முடிந்த கதை இதுதான். மனைவியின் தையல் பெட்டியில் இருப்பது மனைவியுடையதாகத்தான் இருக்கும் என்று நம்பி, தலைமைக் குமாஸ்தா குத்திவிட்டார். கோபத்துக்கு நடுவில் அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள்.

இனி அறையில் நடந்த பேச்சு ஜப்பானிய மொழியில். நாம் நம் மொழியில் கேட்போம்.

"இதைக் குத்தியது யார்?" என்றார் சென்செய்.

"நான் இல்லை," என்றான் தம்பி.

"முத்திரை உன்னுடையது. இந்தத் துறையில் முத்திரைதான் ஆள். அம்மா விலகினால் அந்த இடம் உனக்கு வரும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது எப்படித் தெரியும் என்று உனக்கே புரிகிறது அல்லவா?"

படிவத்தைத் துறையிலிருந்து எடுத்துப் போனவன் அவன்தான். அதை மறுக்க முடியாது.

சென்செய் அவள் பக்கம் திரும்பினார். "நீங்களே விலக நினைத்து, அவசரத்தில் மகனின் முத்திரையைக் குத்திவிட்டீர்களா? அப்படியென்றால் சொல்லுங்கள். இவன் மீது தவறில்லை. இதைக் கிழித்துவிட்டுப் புதுப் படிவம் தருகிறேன். உங்கள் முத்திரையை வைத்துக் கொடுங்கள்."

பாருங்கள் விதியை. ஆமாம் என்று ஒரு பொய் சொன்னால் போதும். பிள்ளை தப்பித்துவிடுவான், புருஷன் பெயர் வெளியே வராது. அவளுடைய நாற்காலி மட்டும் போகும். காலையில் வீட்டில் கேட்ட அதே கேள்வி, கல்லூரி வரைக்கும் வந்து மரியாதையாக நிற்கிறது. தம்பி அவளைப் பார்த்தான். ஐந்து வயதில் ஜன்னல் கண்ணாடியை உடைத்துவிட்டுப் பார்த்த அதே பார்வை. ஆமாம் என்ற சொல் அவள் நாக்கு நுனி வரை வரத்தான் செய்தது. அதை மறைப்பானேன்?

நிமிர்ந்து நின்றாள்.

"நான் குத்தவில்லை. விலக நான் நினைக்கவும் இல்லை," என்றாள். "இவனும் குத்தவில்லை. இவனுடைய முத்திரை என் தையல் பெட்டியில் இருந்தது. மூன்று வருஷமாக நான்தான் அதைப் பத்திரப்படுத்துகிறேன். அந்தத் தவறு என்னுடையது. எடுத்துக் குத்தியவர் யார் என்று எனக்குத் தெரியும். அவர் பெயரை நான் சொல்ல மாட்டேன். அவர் வந்து சொல்லுவார்."

இத்தனை நீளமான பேச்சை அந்த மொழியில் அவள் இதற்கு முன் ஒரே மூச்சில் பேசியதில்லை. எங்கும் தடுக்கவில்லை. கோபம் வந்தால் மொழி தானாக வரும் போலிருக்கிறது.

சென்செய் படிவத்தை மடித்து மேஜை இழுப்பறையில் வைத்தார். பிறகு, "திங்கட்கிழமை காலை பத்து மணி," என்றார். "அவர் வந்து சொல்ல வேண்டும். வராவிட்டால், இவன் பெயரைக் காத்திருப்போர் வரிசையிலிருந்து எடுத்துவிடுவேன். அடுத்த வருஷத் தேர்வும் எழுத முடியாது. உங்கள் இடத்துக்கு இப்போதே முத்திரை வையுங்கள்."

உயர்நிலைப் பதிவேட்டைத் திறந்து அவள் முன்னால் வைத்தார். முதல் பக்கத்தில் மொழிபெயர்ப்பாளருக்கான விதிகள். அதை உரக்கப் படித்துவிட்டுத்தான் முத்திரை வைக்க வேண்டும் என்பது அங்கே வழக்கம். அவள் படித்தாள். "ஒரு சொல்லும் கூட்ட மாட்டேன். ஒரு சொல்லும் குறைக்க மாட்டேன். பேசுபவர் 'நான்' என்றால் நானும் 'நான்' என்றே சொல்வேன்."

கைப்பையிலிருந்து முத்திரையை எடுத்தாள். பன்னிரண்டாவது கட்டத்தில் அழுத்திக் குத்தினாள். விரலில் இருந்த மிஷின் எண்ணெய் பக்கத்தின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டது. மணி மூன்று ஐம்பது.

படிக்கட்டில் தம்பி பொரிந்தான்.

"நீ ஒரு வார்த்தை ஆமான்னு சொல்லியிருக்கலாம்ல? உனக்கு எதுக்கும்மா இது? வேலை இருக்கு, சம்பளம் வருது. எனக்கு ஒரு மார்க்குல போச்சும்மா, ஒரே மார்க்."

"அந்த ஒரு மார்க் எங்க வந்துச்சு தெரியுமாடா?"

அவன் நின்று திரும்பிப் பார்க்க, அவளே சொன்னாள்.

"கேக்கற பரீட்சையில கடைசிக் கேள்வி. தொழிற்சாலைக்குள்ள ரெண்டு பேர் பேசறாங்க, பின்னாடி மிஷின் ஓடற சத்தம்."

"அது யாருக்குமே கேக்கலம்மா. ஒரே இரைச்சல்."

"எனக்குக் கேட்டுச்சு. இருபத்து மூணு வருஷமா அந்த இரைச்சலுக்கு நடுவுலதான நான் பேசறேன், கேக்கறேன். அது நான் சம்பாதிச்ச காது. அந்த மார்க்கை உன்கிட்டேர்ந்து பிடுங்கல தம்பி, அது எப்பவுமே என்னோடதுதான்."

தம்பி இரண்டு படி இறங்கி நின்றான். "அப்பான்னு அங்கயே சொல்லியிருக்கலாம்," என்றான் மெதுவாக.

"நீயும் சொல்லியிருக்கலாம். அந்தக் கையெழுத்து உனக்குத் தெரியாதா? உன் ரிப்போர்ட் கார்டுல எல்லாம் யாரோட கையெழுத்து?"

வீடு வரைக்கும் இரண்டு பேரும் ஒரே பேருந்தில், முன்னும் பின்னுமாக உட்கார்ந்து வந்தார்கள்.

ஆறு மணிக்குக் கணவர் வந்தார். வந்ததும் அவள் முகத்தைப் பார்த்தார், பிறகு செருப்பைக் கழற்றுவதில் அளவுக்கு மீறிய நேரம் எடுத்துக்கொண்டார். தையல் பெட்டி சாப்பாட்டு மேஜையின் நடுவில் திறந்து கிடந்தது.

"முத்திரையை எடுத்த இடத்துலயே திரும்ப வெச்சிருக்கீங்க," என்றாள். "மையைக்கூடத் துடைச்சிருக்கீங்க. நல்ல குமாஸ்தா."

அவர் ஒன்றும் தெரியாதவர் போல நடிக்க ஆரம்பித்து, பாதியில் விட்டுவிட்டார். "வீட்டு நன்மைக்குத்தான் செஞ்சேன். என்னிக்கு இருந்தாலும் நீயே பண்ணியிருப்ப."

"அது தம்பியோட முத்திரைங்க."

"என்ன?"

"நீங்க குத்தினது. தம்பியோடது. மாட்டிக்கிட்டு நிக்கறது அவன்தான்."

அவர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். முப்பது வருஷமாக முத்திரை குத்துகிற கை. ஆனைக்கும் அடி சறுக்கும் என்பார்கள், ஆனால் ஆனை வீட்டுக்குள்ளேயே சறுக்கி விழுந்தால் யாரிடம் போய்ச் சொல்வது?

"உன் பெட்டிதான அது," என்றார். குரலில் ஒரு புகார்கூட இருந்தது.

"பெட்டி என்னோடது. உள்ள இருக்கறதப் பாருங்க." அவள் ஒவ்வொன்றாக எடுத்து மேஜையில் வைத்தாள். "உங்க சட்டைப் பொத்தான். உங்க மூக்குக் கண்ணாடிக்கு ஆணி. தம்பி பேன்ட்டுக்கு ஜிப். தம்பியோட முத்திரை. இதுல எனக்குன்னு என்னங்க இருக்கு? என்னோடதா இருந்தது ஒண்ணே ஒண்ணு, அது என் பையில இருந்துச்சு. நல்லவேளை."

அவள் அந்த முத்திரையை எடுத்துத் தம்பியின் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினாள்.

"இனிமே நீயே வெச்சுக்க. தொலைச்சா நீயே தேடு."

பிறகு கணவர் பக்கம் திரும்பித் திங்கட்கிழமை விஷயத்தைச் சொன்னாள். பத்து மணி, சென்செய் அறை, வராவிட்டால் தம்பியின் படிப்புக்கே முற்றுப்புள்ளி.

"திங்கக்கிழமையா? அன்னிக்கு ஆபீஸ்ல ஆய்வு இருக்கே," என்றார்.

"லீவு எழுதுங்க. கையெழுத்தை மட்டும் உங்க பேர்ல போடுங்க."

தம்பிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவன் அதை இருமலாக மாற்றிக்கொண்டான். அவர் அவனை முறைத்தார், ஆனால் அந்த முறைப்பில் பலம் இல்லை.

"எனக்கு அவங்க பாஷை தெரியாது. அந்த அம்மாவுக்கு நம்ம பாஷை தெரியாது. நான் போய் நின்னு என்ன பண்றது?" கடைசிக் கதவையும் தட்டிப் பார்த்தார்.

"நம்ம பாஷையிலயே சொல்லுங்க. நான் மொழிபெயர்த்துச் சொல்றேன்."

"நீயா?"

"நான்தான். இன்னிக்குத்தான் விதியைப் படிச்சு முத்திரை வெச்சுட்டு வந்திருக்கேன். ஒரு வார்த்தை கூட்ட மாட்டேன், ஒரு வார்த்தை குறைக்க மாட்டேன்."

அவர் தண்ணீர் ஜாடியையே பார்த்துக்கொண்டிருந்தார். அடியில் இப்போது காகிதம் எதுவும் இல்லை.

"நான்தான் குத்தினேன்னு சொன்னா," என்று கேட்டார், "அதை நீ எப்படிச் சொல்லுவ?"

"நானும் 'நான்தான் குத்தினேன்'னுதான் சொல்லணும். விதி அப்படி." அவள் பெட்டியை மூடினாள். "ஆனா அந்த ரூம்ல நிக்கற அத்தனை பேருக்கும் தெரியும், பேசறது நீங்கன்னு."